மதகருகே ஓர் ஊமைக் காவலன்

கைப்பேசியில் பணம் அனுப்புவதற்கு நான்கு இலக்கங்களையோ ஆறு இலக்கங்களையோ தட்டியும், மின்கட்டணம் செலுத்துவதற்குக் கடவுச்சொல்லை நினைவுகூர்ந்தும், அது மறந்துபோனால் ஓடிபி என்னும் தற்கால மந்திரத்துக்காகக் காத்திருந்தும் பழகிப்போன நமக்கு, என்றேனும் ஒரு நாள் இந்தச் சந்தேகம் எழாமல் இராது: மனிதர் எவரும் பக்கத்தில் இல்லாத இடத்தில், நள்ளிரவில், தாமாகவே இயங்கித் தம் கணக்கைத் தொலைதூரத்துக் கணினி ஒன்றுக்கு அனுப்பிவைக்கும் யந்திரங்கள் இருக்கின்றனவே, அவற்றுக்காகக் கடவுச்சொல்லைத் தட்டுவது யார்?

சட்டென்று தோன்றும் விடைகள் இரண்டு. கடவுச்சொல்லை அந்த யந்திரத்துக்குள்ளேயே எழுதி வைத்துவிடலாம் என்பது ஒன்று. அது வந்து கதவைத் தட்டினால் ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டுவிடலாம் என்பது மற்றொன்று. முன்னது, வீட்டைப் பூட்டிச் சாவியை நிலைக்கு மேல் வைத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போவதைப் போன்றது. பின்னது, பூட்டாமலே போவது. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில், அதன் பெயர் இங்கு வேண்டாம், பன்னிரண்டு எழுத்துகள் கொண்ட கடினமான கடவுச்சொல் ஒன்றை விதிப்படி அமைத்து, அதை மறந்துவிடாதிருக்கும் பொருட்டுத் துண்டுக் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி, அதே கணினித் திரையின் நெற்றியில் விபூதிப் பட்டை போல ஒட்டியிருந்தார்கள். மனிதர்கள் நிலையே இதுவாயின், யந்திரத்தைக் குறைகூறிப் பயனில்லை.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. ரகசியத்தை வாய்விட்டுச் சொல்லாமலே, அந்த ரகசியம் தன்னிடம் இருக்கிறது என்பதை மட்டும் எதிராளிக்கு ஐயமற நிரூபித்துவிடும் வழி அது. கேட்பதற்கு ஜாலவித்தை போலத் தோன்றினும், அதன் உட்பொருள் பெருக்கலும் வகுத்தலும்தான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை காகிதத்தில் செய்து பார்க்கக்கூடிய அளவுக்கு அதைச் சிறிதாக்கிக் காட்டவும் முடியும்.

ஏரிக்கரையில்

சென்னையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில், காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், பழஞ்சாசனங்கள் வைரமேக தடாகம் என்று குறிக்கும் பேரேரி ஒன்று இருக்கிறது. பல்லவ மன்னன் தந்திவர்மனின் விருதுப் பெயரால் வழங்கிய அந்த ஏரியும், அதைப் போன்று அக்கம்பக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் படிந்து கிடக்கும் சிறிதும் பெரிதுமான எத்தனையோ ஏரிகளும் சேர்ந்தே, பழைய செங்கற்பட்டு ஜில்லாவுக்கு ஏரி ஜில்லா என்ற பெயரை வாங்கித் தந்தன. வடகிழக்குப் பருவமழை வலுத்த நாளில் ஏரியில் நீர் எவ்வளவு நிற்கிறது, கலங்கல் வழியே எப்போது வழியத் தொடங்கும் என்பன, வயல் உடையவனுக்கு மட்டுமன்றி, கீழே குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்தாகவேண்டிய சமாசாரங்கள். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட மாவட்டத்தில் இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

முற்காலத்தில் இந்தச் செய்தியைக் கொண்டுவந்தவர் நீர்க்கட்டி. மடை திறப்பதும் அடைப்பதும், வயலுக்கு வயல் முறைவைத்து நீர் பாய்ச்சுவதும் அவர் தொழில். குடையும் மண்வெட்டியுமாக வந்து, மதகுக் கல்லில் நீர் இன்ன மட்டத்தில் நிற்கிறது என்று அவர் சொன்னால், கேட்டவர் எவரும் அத்தாட்சி கேட்டதில்லை; முகம் தெரியும், குரல் தெரியும், தகப்பனார் பெயரும் தெரியும்.

இப்போது ஒரு கற்பனை செய்துகொள்வோம். அதே மதகருகே ஒரு கம்பத்தில், சூரியத் தகடும் மின்கலமும் கொண்டு இயங்கும் உள்ளங்கையளவு கணினி ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. கால் மணிக்கு ஒரு முறை அது நீர்மட்டத்தை அளந்து குறித்துக்கொள்கிறது. ஒரு நாளைக்கு 96 வரிகள். அந்த வரிகளடங்கிய கோப்பை, நள்ளிரவு கடந்ததும், கைப்பேசிக் கோபுரத்தின் தயவால் காஞ்சிபுரத்திலுள்ள சர்வருக்கு அது அனுப்பவேண்டும். சர்வர் என்றால் இட்லி கொண்டுவருபவர் என்று பொருள் கொண்டிருந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். 1964-இல் வந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் நாகேஷ் ஏந்திய தட்டுகளே நினைவுக்கு வருகின்றன. யோசித்துப் பார்த்தால் பொருள் மாறவில்லை. பல மேசைகளிலிருந்து எழும் குரல்களுக்குச் செவிசாய்த்து, வேண்டுவதைக் கொடுத்து, கொடுத்ததைப் பெற்றுக்கொள்ளும் கணினியே சர்வர்.

இந்தச் சர்வருக்கு முகம் தெரியாது, குரல் தெரியாது. இருட்டில் கம்பி வழியே யாரோ வந்து, ‘நான் மதகடிக் கருவி’ என்கிறார்கள். நம்புவதா, வேண்டாமா?

ஒட்டுக்கேட்பவர்கள்

தொடக்க காலத்துக் கணினியாளர்கள் இந்தக் கேள்வியை இலேசாகவே எடுத்துக்கொண்டார்கள். ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குள் நுழைவதற்கு டெல்நெட் என்பதையும், கோப்பு அனுப்புவதற்கு எஃப்டிபி என்பதையும் அவர்கள் கையாண்டபொழுது, கடவுச்சொல் மூடப்படாத தபால் அட்டையில் எழுதியது போலவே கம்பி வழியே பிரயாணம் செய்தது. கடவுச்சொல்லே வேண்டாத வழியொன்றும் அப்போதே இருந்தது: இன்ன முகவரியிலிருந்து வருபவரை ஒன்றும் கேளாமல் உள்ளே விடுக என்று ஒரு பட்டியல் எழுதி வைத்துவிடுவார்கள். கடித உறையின் மூலையில் ‘அனுப்புநர்’ என்று எழுதியிருப்பதை நம்பிக் கடிதத்தை நம்புவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. உறையின் மூலையில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது குறும்புக்காரர்களுக்குத் தெரிய அதிக நாள் ஆகவில்லை.

1995-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலைப்பின்னலில், கம்பி வழியே போகும் கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுச் சேகரிக்கும் திருட்டொன்று வெளிப்பட்டது. அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த தாத்து யுலேனன், அந்த எரிச்சலிலேயே உட்கார்ந்து ஒரு மென்பொருளை எழுதி, அதே ஆண்டு ஜூலையில் அனைவருக்கும் இலவசமாகத் தந்துவிட்டார். எஸ்எஸ்எச் என்பது அதன் பெயர். பத்திரமான ஓடு என்று ஏறக்குறைய பொருள் கொள்ளலாம். அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 50 நாடுகளில் சுமார் 20,000 பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். 1999-இல் ஓப்பன்பிஎஸ்டி என்னும் இயங்குதளத்தை உருவாக்கும் குழுவினர் அதன் கட்டற்ற வடிவமாகிய ஓப்பன்எஸ்எஸ்எச்சை வெளியிட்டனர். இன்று உலகத்துச் சர்வர்களில் மிகப் பெரும்பாலானவற்றின் வாயிற்காவல் அதன் பொறுப்பில் இருக்கிறது.

இந்தக் காவலன் இரண்டு காரியங்களைச் செய்கிறான். வருகிறவனோடு பேசும் பேச்சு முழுவதையும் பிறருக்குப் புரியாத சங்கேதத்தில் பேசுகிறான் என்பது ஒன்று. வந்தவன் விரும்பினால் கடவுச்சொல் கேட்பதை விட்டுவிட்டு, வேறொரு பரீட்சை வைத்து ஆளை இன்னாரென்று தெளிகிறான் என்பது இரண்டாவது. நமக்கு வேண்டியது அந்தப் பரீட்சை.

சுவரில் எழுதிய விதிகள்

உத்திரமேரூருக்கு வந்தவர்கள் வைகுண்டப் பெருமாள் கோயிலைப் பார்க்காமல் திரும்பலாகாது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் வெட்டப்பட்ட இரண்டு சாசனங்கள் அதன் சுவரில் இருக்கின்றன. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் நியமங்களை அவை விவரிக்கின்றன. நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே உரியதாயிருந்த அந்தணர் ஊரின் சபை அது. இக்காலத்து ஜனநாயகத்தோடு அதை ஒன்றாக்கிப் பெருமை பேசுவது மிகை என்பது என் அபிப்பிராயம். ஆனால் முறையின் நுட்பம் வேறு விஷயம்; அதை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும்.

முப்பது குடும்புகளாக ஊரைப் பிரித்து, ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். சபை முழுவதும் கூடியிருக்க, கோயிற் பூசகராகிய நம்பிமாருள் வயதில் மூத்த ஒருவர் அந்தக் குடத்தை எல்லாரும் காணும்படி உயர்த்திப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுபிள்ளையொன்று ஒரு கட்டை எடுக்க, அதை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுக்கச் சொல்வார்கள். அந்த ஓலையை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரல்களும் விரித்த உள்ளங்கையில் அதை ஏந்தவேண்டும் என்றுகூட விதித்திருக்கிறார்கள். மடக்கிய விரலுக்குள் வேறு ஓலை ஒளிந்திருக்கலாகாதல்லவா? ஆண்டு வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என்று இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். நம் மதகடிக் கருவி நிற்கும் கரையைக் காத்தவர்கள் அந்த அறுவர்தாம்.

இந்த ஏற்பாட்டில் வியக்கத்தக்கது எதுவென்றால், ஏமாற்றைத் தடுப்பதற்காக அவர்கள் எதையும் மறைக்கவில்லை என்பது. விதி முழுவதும் கல்லில் வெட்டி, எவரும் படிக்கும் சுவரில் நிற்கிறது. படித்தவன் அதைக்கொண்டு ஒரு தில்லுமுல்லும் செய்ய முடியாதபடி முறை அமைந்திருக்கிறது. 1883-இல் ஆகுஸ்த் கெர்க்காஃப்ஸ் என்னும் மொழியறிஞர் பிரெஞ்சு ராணுவச் சஞ்சிகையொன்றில், ஒரு சங்கேத முறையின் அமைப்பு எதிரியின் கையில் அகப்பட்டாலும் கேடு விளையலாகாது, சாவி ஒன்று மட்டுமே ரகசியமாயிருந்தால் போதும் என்ற கருத்தை வெளியிட்டார். சங்கேத சாஸ்திரத்தின் அடித்தளமாக இன்றும் எல்லாரும் ஏற்றுக்கொண்டிருப்பது அதுவே. எஸ்எஸ்எச்சின் வேலைமுறையும் வரிக்கு வரி பிரசுரிக்கப்பட்டிருக்கிறது, திருடனும் படிக்கலாம்.

அப்படியானால் சாவியைச் சர்வருக்கும் கருவிக்கும் பொதுவாகக் கொடுத்துவைக்க வேண்டாமா? அங்கேதான் இருபதாம் நூற்றாண்டு ஒரு படி மேலே ஏறியது. 1976-இல் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இரு அமெரிக்கர்கள், ஒரு சாவிக்குப் பதில் இரண்டு சாவிகள் இருக்கலாமே என்றார்கள். ஒன்று உடையவனிடத்தில் மட்டும் இருக்கும். அதை அந்தரங்கச் சாவி என்போம். மற்றொன்றைச் சுவரில் வெட்டி வைக்கலாம். அதைப் பகிரங்கச் சாவி என்போம். அந்தரங்கச் சாவியால் இட்ட முத்திரையைப் பகிரங்கச் சாவி கொண்டு எவரும் சரிபார்க்கலாம்; ஆனால் பகிரங்கச் சாவியை மட்டும் வைத்துக்கொண்டு முத்திரை இடமுடியாது. செப்பேட்டு வளையத்தில் பொறித்த சோழர் புலி முத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள்: பார்த்தவரெல்லாம் அடையாளம் கண்டார்கள், பொறிக்கும் அச்சு அரண்மனையில் மட்டும் இருந்தது. உவமை முக்கால் பங்குதான் பொருந்தும். எஞ்சிய கால் பங்கைப் பின்னால் பார்ப்போம்.

பெருக்குவது எளிது

இப்படிப்பட்ட இரட்டைச் சாவி எங்கே கிடைக்கும்? எண்களின் ஒரு சுபாவத்தில் கிடைத்தது. வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலப் பொருளியலறிஞர் 1874-இல் எழுதிய நூலொன்றில் 8616460799 என்ற எண்ணைக் கொடுத்து, எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இது வரும் என்பது தம்மைத் தவிர எவருக்கும் தெரியவரும் என்று தோன்றவில்லை என்றார். 89681-ஐ 96079-ஆல் பெருக்கினால் அது வரும். பெருக்கிப் பார்க்க உங்களுக்கு ஐந்து நிமிஷம் ஆகும். ஆனால் விடையிலிருந்து அவ்விரண்டையும் மீட்பதற்கு, கையால் வகுத்துக்கொண்டே போனால், மாதங்கள் ஆகும். தயிரைக் கடைந்து மோராக்குவது போல ஒரு திசையில் எளிதாகவும் மறுதிசையில் மகா கஷ்டமாகவும் இருக்கும் இந்தக் காரியத்தை 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் சாவியாக்கினார்கள். அவர்கள் பெயரின் முதலெழுத்துகளே ஆர்எஸ்ஏ. பிரிட்டிஷ் அரசின் ரகசிய அலுவலகத்தில் கிளிஃபர்டு காக்ஸ் என்னும் இளைஞர் 1973-லேயே இதைக் கண்டிருந்தார் என்பதும், வாய் திறக்க அனுமதியின்றி 1997 வரையில் அது உலகுக்குத் தெரியாமலே கிடந்தது என்பதும் கதையின் சோகமான கிளை.

அந்த மூவரின் முறையை 1977 ஆகஸ்டில் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ பத்திரிகையில் மார்ட்டின் கார்ட்னர் அறிமுகப்படுத்தியபொழுது, 129 இலக்கம் கொண்ட எண் ஒன்றைத் தந்து, அதைக் காரணிகளாகப் பிரித்து மறைசெய்தியைப் படிப்பவருக்கு நூறு டாலர் பரிசு என்று அறிவித்தார்கள். பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 1994-இல், இணையத்தின் வழியாகக் கைகோத்த சுமார் 600 பேர் ஏறத்தாழ 1600 கணினிகளைக் கொண்டு அதை உடைத்தார்கள். செய்தியோ, எலும்புண்ணிப் பறவையொன்றைப் பற்றிய பொருளற்ற வாசகம். இன்று புழங்கும் 2048 பிட் சாவியிலுள்ள எண்ணுக்கு 617 இலக்கங்கள். இதை நீங்களும் அறியாமலே பயன்படுத்தியிருக்கிறீர்கள்: ஆதாருக்குக் கைரேகை வைத்தபொழுது, அந்தப் பதிவு, மையத்தின் மடிக்கணினியிலேயே இத்தகைய பகிரங்கச் சாவியால் பூட்டப்பட்டது. அங்கே சாவி பூட்டுவதற்குப் பயன்பட்டது. நம் கதையில் ஆளை அடையாளம் காண்பதற்கு.

முப்பத்துமூன்றைக் கொண்டு ஒரு பரீட்சை

617 இலக்கங்களை எழுதிப் பக்கத்தை வீணாக்காமல், 33 என்ற சிற்றெண்ணை எடுத்துக்கொள்வோம். இது 3, 11 என்ற இரு பகா எண்களின் பெருக்கம். மதகடிக் கருவி பிறந்த அன்று, இவ்விரண்டையும் தன் மனத்துக்குள் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் ஒன்றைக் குறைத்துப் பெருக்கி 20 என்று கணக்கிட்டுக்கொள்கிறது. பிறகு, பெருக்கினால் 20-க்கு ஒன்று அதிகமாக வரும்படி இரண்டு எண்களைத் தேடுகிறது: 3, 7, பெருக்கினால் 21. மூன்றைப் பகிரங்கமாக்கி, ஏழை அந்தரங்கமாக வைத்துக்கொள்கிறது. காஞ்சிபுரத்துச் சர்வரின் பதிவேட்டில் ‘மதகடிக் கருவி: 33, 3’ என்று ஒரு வரி எழுதப்படுகிறது. ஏழு என்னும் எண் ஏரிக்கரையை விட்டு ஒரு நாளும் வெளியேறுவதில்லை.

நள்ளிரவு. கருவி வந்து கதவைத் தட்டுகிறது. அந்தச் சந்திப்புக்கென்றே புதிதாக ஓர் எண் உருவாகிறது. இன்று அது 5 என்று வைத்துக்கொள்வோம். நடைமுறையில் இந்த எண்ணை ஒருவர் மட்டும் தீர்மானிப்பதில்லை, இருபுறத்தாரும் சேர்ந்தே உண்டாக்குகிறார்கள். ‘ஐந்துக்கு உன் முத்திரையை இடு’ என்பதே பரீட்சை.

கருவி தன் அந்தரங்க எண்ணாகிய ஏழைப் பார்க்கிறது. ஐந்தை ஏழு முறை எழுதிப் பெருக்குகிறது. 78125 வருகிறது. அதை 33-ஆல் வகுத்து மீதியை எடுத்தால் 14. ‘பதினான்கு’ என்று பதில் அனுப்புகிறது.

சர்வரிடம் ஏழு இல்லை, அதற்குத் தேவையுமில்லை. பதிவேட்டில் உள்ள மூன்றைப் பார்த்து, பதினான்கை மூன்று முறை எழுதிப் பெருக்குகிறது: 2744. அதையும் 33-ஆல் வகுக்கிறது. 33 பெருக்கல் 83 என்பது 2739, மீதி 5. கேட்ட எண்ணே திரும்பி வந்துவிட்டது! ஏழை அறிந்தவனன்றி வேறொருவன் இந்தப் பதினான்கைச் சொல்லியிருக்க மாட்டான் என்று தெளிந்து கதவு திறக்கிறது.

இந்தச் சம்பாஷணையை ஒருவன் ஒட்டுக்கேட்டிருந்தான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு 33, 3, 5, 14 எல்லாம் தெரியும். மறுநாள் அவன் முந்திக்கொண்டு வந்து, ‘நான் மதகடிக் கருவி, பதினான்கு!’ என்கிறான். ஆனால் மறுநாளைய எண் 6. பதினான்கிலிருந்து மீளும் மீதியோ 5. பொருந்தவில்லை, போகலாம் என்று சர்வர் சொல்லிவிடும். உண்மையான கருவி ஆறை ஏழு முறை பெருக்கி, வகுத்து, 30 என்று சொல்லும். முப்பதை மூன்று முறை பெருக்கிய 27000-ஐ 33-ஆல் வகுத்தால் மீதி 6. இங்கேதான் சோழர் முத்திரை உவமையில் விடுபட்ட கால் பங்கு வருகிறது. செப்பேட்டு முத்திரை எல்லா ஏட்டிலும் ஒன்றே. ஒன்றைப் பார்த்துக் கைதேர்ந்த கன்னான் ஒருவன் போலி செய்யலாம். இந்த முத்திரையோ ஒவ்வொரு சந்திப்புக்கும் வேறாகும். பழைய முத்திரை பழைய தேதிச் சீட்டைப் போல உதவாது.

33 என்பதால் நம் திருடன் 3, 11 என்று ஊகித்து ஏழைப் பிடித்துவிடுவான். 617 இலக்க எண்ணில் அது நடவாது. உலகத்துக் கணினிகளையெல்லாம் ஒன்று திரட்டினாலும் நடவாது என்பதே இன்றைய நிலை. நடைமுறையில் எண்ணை முதலில் அரைத்துக் குழைத்து உருமாற்றிவிட்டே முத்திரை இடுவார்கள் என்பதையும், இக்காலத்தில் ஆர்எஸ்ஏவை விடச் சிறிய, வளைகோட்டுக் கணிதத்தில் பிறந்த எட்25519 என்னும் சாவியே அதிகம் விரும்பப்படுகிறது என்பதையும் சொல்லி வைக்கிறேன். அதன் பகிரங்கச் சாவி 68 எழுத்துகளே. ஒரு வரிக்குள் அடங்கும்.

மதகடியில் செய்யவேண்டியவை

தத்துவம் தெளிந்தபின் காரியம் சொற்பமே. கருவியில் ஒரே கட்டளையில் சாவியிணை பிறக்கிறது. ‘இந்த அந்தரங்கச் சாவியைப் பூட்டிவைக்க ஒரு ரகசியத் தொடர் வேண்டுமா?’ என்று அப்போது ஒரு கேள்வி எழும். மனிதன் கையாளும் கணினியில் வேண்டும் என்பதே விவேகம். மதகடியில் அதைத் தட்ட ஆளில்லையாதலால், வெறுமனே விட்டுவிட வேண்டியதுதான். அதற்கு ஈடாக, அந்தச் சாவிக் கோப்பை உரிய கணக்கைத் தவிர வேறெவரும் படிக்கக்கூடாதபடி அடைத்துவைக்க வேண்டும். இதில் நீங்கள் அசட்டையாக இருந்தால் எஸ்எஸ்எச் கோபித்துக்கொண்டு வேலை செய்ய மறுத்துவிடும். பலர் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

பகிரங்கச் சாவியின் வரியைச் சர்வரின் பதிவேட்டில், அனுமதி பெற்றோர் பட்டியலில், சேர்க்கவேண்டும். சேர்க்கும்பொழுதே அந்த வரியின் தலைப்பில் நிபந்தனைகளையும் எழுதலாம்: இந்தச் சாவிக்கு உரியவன் ஓர் அறைக்குள் கோப்பு வைத்துவிட்டுப் போகலாம், கட்டளை எதுவும் இடலாகாது, அடுத்த அறையை எட்டிப் பார்க்கலாகாது என்று. இந்தச் சிரமத்தைப் பெரும்பாலோர் எடுத்துக்கொள்வதில்லை. உண்டியலில் காசு போட வந்தவனுக்குக் கருவறைச் சாவியையும் சேர்த்துக் கொடுப்பது எவ்வளவு பேதைமையோ, நீர்மட்டம் சொல்ல வந்த கருவிக்குச் சர்வர் முழுவதையும் திறந்துவிடுவது அவ்வளவு பேதைமை.

கருவி மட்டுமா தன்னை நிரூபிக்கவேண்டும்? காஞ்சிபுரத்துச் சர்வர் என்று சொல்லிக்கொண்டு வேறொருவன் நடுவழியில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? ஆகையால் சர்வருக்கும் ஒரு சாவியிணை உண்டு. முதன்முறை சந்திக்கும்பொழுது, சர்வரது பகிரங்கச் சாவியின் சுருக்கத்தைக் கருவி காட்டும். கைரேகை என்றே அதற்குப் பெயர். சர்வரைப் பராமரிப்பவரைத் தொலைபேசியில் அழைத்து, அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டபிறகே ‘சரி’ என்று தட்டவேண்டும். உண்மையைச் சொன்னால், ஒப்பிடாமல் தட்டுபவர்களே அதிகம், நானும் தட்டியிருக்கிறேன். ஒரு தடவை ஏற்றுக்கொண்ட கைரேகையைக் கருவி மறப்பதில்லை. பின்னொரு நாள் அது மாறியிருந்தால் பெருங்கூச்சலிட்டு நின்றுவிடும்.

எஞ்சியவை சில்லறை. குறித்த வேளையில் குறித்த வேலையைச் செய்யும் கிரான் என்னும் ஏவலாளிடம், நள்ளிரவுக்குப் பிறகு கோப்பை அனுப்பு என்று எழுதி வைக்கவேண்டும். அனுப்புவதற்கு, எஸ்எஸ்எச்சின் வழியே கோப்பைக் கொண்டுசேர்க்கும் எஸ்எஃப்டிபி போதும். கோப்பு பெரிதானால், 1996-இல் ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தந்த ஆர்சிங்க், முன்பு அனுப்பியதற்கும் இப்போதையதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்பிச் செலவைக் குறைக்கும். மழையிரவில் சைகை அறுந்து கோப்பு பாதியில் நின்றுபோகக்கூடும். எனவே தற்காலிகப் பெயரில் அனுப்பி, முழுவதும் சேர்ந்தபிறகே உண்மைப் பெயரைச் சூட்டுவது நல்ல வழக்கம். பாதி மட்டத்தை முழு மட்டமென்று படித்து எவரும் ஏமாறமாட்டார்கள். இவ்வகைச் சிறு கணினிகள் பலவற்றில் மின்கலக் கடிகாரம் இல்லை என்பதையும் மறக்கலாகாது. மின்சாரம் போய் வந்தால், வலைப்பின்னலைக் கேட்டு நேரத்தைத் திருத்திக்கொள்ளும்வரை, நேற்றைய மழையை அது போன மாதக் கணக்கில் எழுதிவிடும்.

கணக்குக் காட்டாதவர்கள்

ஒரு நாள் காலையில் மதகருகே கம்பம் மட்டும் நிற்கிறது, கருவியைக் காணோம். சூரியத் தகட்டுக்கு ஆசைப்பட்டவன் கணினியையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டு போயிருப்பான். அந்தரங்கச் சாவி அதற்குள்ளே, ரகசியத் தொடர் இல்லாமல் இருக்கிறது. நாம் தெரிந்தே ஏற்றுக்கொண்ட பலவீனம் இதுவே.

சர்வரின் பதிவேட்டைத் திறந்து அந்த ஒரு வரியை அடித்துவிட வேண்டும். அந்தக் கணம் முதல் திருடன் கையிலுள்ள சாவி எதற்கும் உதவாது. கடவுச்சொல்லாக இருந்திருந்தால், அதை அறிந்த ஒவ்வொருவருக்கும் புதுச்சொல் சொல்லி அனுப்பவேண்டியிருக்கும். இது இவ்வளவு எளிதாக முடிவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிச் சாவியிணை இருந்திருக்கவேண்டும். சோம்பல் மிகுதியால் ஒரே சாவியைப் பத்து ஏரிகளின் கருவிகளிலும் பிரதியெடுத்து வைத்தவர், இப்போது பத்தையும் ஒதுக்கிவிட்டுப் பத்து ஊருக்கும் வண்டி பிடிக்கவேண்டும். உத்திரமேரூர்ச் சாசனமும் இப்படியொரு கடுமையைக் கொண்டிருந்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனை மட்டுமன்றி, அவன் நெருங்கிய உறவினரையும் குடவோலைக்குத் தகுதியற்றவராக்கியது. கணக்குக் காட்டாதவன் செய்த பிழைக்கு மைத்துனன் என்ன செய்வான் என்று அக்காலத்தில் யாரேனும் முணுமுணுத்திருப்பார்கள். பத்துக் கருவிக்கு ஒரு சாவி வைத்தவரும் அதே முணுமுணுப்போடுதான் வண்டியேறுவார்.

புதுக் கருவி வந்து சேர்ந்ததும், அது தனக்கென்று புதிய இணையொன்றைப் பெற்றெடுக்கும். பழைய ஏழு போயிற்று. புதிய அந்தரங்க எண் எதுவென்று, அதைப் பொருத்திய பணியாளருக்கும் தெரியாது. அவர் அந்த 68 எழுத்துகளை மட்டும் வாட்ஸ்அப்பில் காஞ்சிபுரத்துக்கு அனுப்புகிறார். அவசரத்தில் குடும்பக் குழுவுக்கும் அது போய்விடுகிறது. சித்தப்பா ஒருவர், ‘என்னப்பா இது, பூனை தட்டெழுத்தின் மேல் நடந்ததா?’ என்று கேட்கிறார். பணியாளர் சிரித்துவிட்டு, அதை அழிக்காமலே, கரையிலிருந்து இறங்கிப் பேருந்து நிலையத்துக்கு நடக்கிறார்.